ஒரு ஸ்க்ரூகூடத் திறக்காத மெஷின்

1. விஜயதசமி காலை

போன வருஷம் விஜயதசமி அன்று நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வலியசாலையிலிருந்து நீலகண்டன் சார்.

“தாணு, மெஷின் ஸ்டார்ட் ஆகலை” என்றார். “பகவான் சொல்லியாச்சு. நான் ஆஸ்பத்திரிக்குப் போகலை.”

போனை வைத்துவிட்டார்.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் இன்ஜினீயராக இருந்து ரிட்டயரானவன். இப்போது பழைய மெஷின்களை வாங்கிப் பழுது பார்த்து ஓட விடுவதுதான் பொழுதுபோக்கு. சாலை பஜாரில் ஆக்ரி, அதாவது பழைய சாமான் கடைக்காரர்கள் என்னைப் பார்த்ததும் டீ சொல்கிற அளவுக்குப் பைத்தியம். “முன்னால சம்பளம் வாங்கிட்டு செஞ்சிய, இப்பம் கைக்காசு போட்டுச் செய்திய” என்பாள் என் வீட்டுக்காரி. அவள் சொல்வது உண்மைதான், என்ன செய்ய?

நீலகண்டன் சார் கணக்கு, வரி வேலை பார்த்தவர். அக்கிரகாரத்து வீட்டின் முன்னறையில் ஆபீஸ் துவங்கியபோது ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ஹார்டு டிஸ்க் கிடையாது, இரண்டு ஃப்ளாப்பி டிரைவ், பச்சை எழுத்து மானிட்டர். அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக் கொடுத்தவன் நான். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தலை முழுக்கக் கறுப்பு. பிறகு புதுக் கம்ப்யூட்டர்கள் எத்தனையோ வந்தன, அவரும் வேலையை விட்டார். அந்தப் பழைய மெஷினை மட்டும் விடவில்லை.

இந்த ஊரில் அஷ்டமி சாயங்காலம் தொழில் கருவிகளைப் பூஜைக்கு வைப்பார்கள். தசமி காலையில் எடுக்கும்வரை தொடக்கூடாது. எடுத்ததும் அதை வைத்துக் கொஞ்சமாவது வேலை செய்தாக வேண்டும். சார் அன்று மெஷினைப் போட்டு, குழந்தைகளுக்கு முதலெழுத்தாக எழுதிக் கொடுக்கும் ஹரிஸ்ரீயை டைப் அடித்து, மத்தியானம்வரை ஓடவிட்டு அணைப்பார். மறுபடி அடுத்த விஜயதசமிக்குத்தான். வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஓடுகிற மெஷின்! நான் அதை நினைத்துச் சிரித்ததுண்டு. அதை எனக்கு விற்கச் சொல்லிப் பலதடவை கேட்டும் இருக்கிறேன்.

“வரன் கேக்க வர்ற மாதிரி வர்றேளே தாணு! பொண்ணு கொடுக்கறதா இல்லே, கேட்டேளா” என்று சிரித்து அனுப்பிவிடுவார்.

அந்த வருஷம் அவர் இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. மாற்றியே தீரவேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, அட்மிஷனுக்குத் தேதியும் கொடுத்திருந்தார். சார் பயந்து பயந்துதான் சம்மதித்திருந்தார். இந்த நேரம் பார்த்து மெஷின் காலை வாரிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

2. சமையலறை யோசனை

சார் முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. மெஷினுக்குச் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து, செம்பருத்தி மாலை போட்டிருந்தது. சுவிட்சைப் போட்டேன். ஃபேன்கூட அசையவில்லை. பிளக்கில் கரண்ட் வந்தது, ஒயரும் நன்றாக இருந்தது. கோளாறு உள்ளேதான். பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

“ஏய், அதை வையுங்கோ” என்றார் சார். “தொறக்கப்பிடாது. வாங்கின நாள் முதல் ஒரு ஸ்க்ரூ தொறந்ததில்லே. என் உடம்பும் அதேபோலயாக்கும். இன்னிவரைக்கும் கத்தி பட்டதில்லே.”

“தொறக்காம எப்படி சார் பாக்க? நான் என்ன மந்திரவாதியா?”

“தொறக்காம ஓடினா ஓடட்டும். இல்லேன்னா வேண்டாம். அதுக்கும் எனக்கும் காலம் ஆயாச்சுன்னு அர்த்தம்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வயசுக்கும் படிப்புக்கும் பொருத்தமாகவா பேசுகிறார்? ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் சாரின் மனைவி விசாலம் மாமி உள்ளே வரும்படி கண் காட்டினாள்.

சமையலறையில் மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “தாணு, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவர் தூங்கறப்போ உள்ளே புதுசா எதையாவது வச்சு ஓட விட்டுடுங்கோ. வெளியே பெட்டி அதுவா இருந்தாப் போறும். மெஷின் ஓடினா அவர் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பார்.”

எங்கள் பொழுதுபோக்கில் இது மகாபாவம். ஒரிஜினல் பார்ட் இருந்தால்தான் மெஷினுக்கு மதிப்பு. பழைய பெட்டிக்குள் புது போர்டை வைத்து விற்கிறவனை நாங்கள் கிட்டே சேர்ப்பதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. இந்த மெஷின் போட்டதும் என்ன சத்தம் வரும், எவ்வளவு நேரம் கழித்து ஃப்ளாப்பி கரகரக்கும் என்பது சாருக்குத் தன் மூச்சுப் போலத் தெரியும். கண்டுபிடித்துவிட்டால் ஆபரேஷன் பேச்சே எழாது.

“நல்லா யோசிச்சுப் பாருங்க மாமி. பொய்னு தெரிஞ்சா அப்புறம் உங்களையும் நம்பமாட்டாரு, என்னையும் நம்பமாட்டாரு. முதல்ல தொறக்க விடச் சொல்லுங்க.”

மாமி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே முன்னறைக்குப் போனாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

“மெஷினையும் தொறக்கப்பிடாது, நெஞ்சையும் தொறக்கப்பிடாது! ரெண்டையும் மூடி வச்சுண்டு நான் என்ன பண்ணட்டும்? ரெண்டுக்கும் பொட்டு வச்சு மாலை போட்டுட்டு உக்காரட்டுமா?”

சார் மாலையைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “செரி, தொறங்கோ” என்றார்.

3. மூடிக்குள்ளே

இந்த ஊர் ஈரக்காற்றில் பழைய மெஷினைத் திறப்பது என்றால் எனக்கே கொஞ்சம் திகில்தான். பல்லி எலும்புக்கூடு கிடக்கும். செம்பு பச்சையாகப் பூத்திருக்கும். கரண்டைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் வயிறு ஊதி, கசிந்து, போர்டையே அரித்திருக்கும். இதிலும் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும் என்று வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் புதுசு கொண்டுவந்திருந்தேன்.

மூடியை முன்னால் இழுத்து எடுத்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

அம்மாடி! போர்டு நேற்று வந்ததுபோல இருந்தது. ஒரு பார்ட்டின் காலில்கூடத் துரு இல்லை. பவர் சப்ளையைக் கழற்றி, மிச்சக் கரண்ட் இறங்கும்வரை காத்திருந்து, கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒன்று நல்லது. அடுத்ததும் நல்லது. அத்தனையும் நல்லது! மீட்டர் கெட்டுப்போச்சோ என்று சந்தேகப்பட்டு, என் பொட்டலத்திலிருந்த புதுசை அளந்து பார்த்தேன். மீட்டர் சரியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெப்பாசிட்டருக்குள் ஒரு மெல்லிய படலம் உண்டு. வருஷக்கணக்காகக் கரண்ட் படாமல் கிடந்தால் அது நலிந்துபோகும். இடையிடையே கரண்ட் காட்டினால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். சார் வருஷாவருஷம் ஹரிஸ்ரீ அடித்தபோதெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது. என் வீட்டில் பத்திரமாகப் பெட்டியில் பூட்டி வைத்த மெஷின்கள் செத்துக் கிடக்கின்றன. நான் நினைத்துச் சிரித்த பூஜை இதை உயிரோடு வைத்திருக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. தெய்வ நம்பிக்கை அதிகம் இல்லாதவன் நான், ஆனாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

“என்னவாக்கும்? ரொம்ப மோசமோ?” என்றார் சார்.

“மோசமா! இந்த மாதிரி ஒண்ணை நான் பாத்ததே இல்ல சார்!”

அப்படியானால் ஏன் ஓடவில்லை? மிச்சம் இருந்தது பக்கவாட்டில் இருக்கும் பெரிய சிவப்பு சுவிட்ச். அதன் அருகே மூக்கைக் கொண்டுபோனேன். வெல்ல வாசனை. சுவிட்சைப் பிரித்தேன். உள்ளே பிசுபிசுவென்று பாகு, அதில் ஒட்டிக் கருகிப்போன எறும்புக் கூட்டம். எறும்புகள் நடுவில் மாட்டிக்கொண்டதால் கான்டாக்ட் தகடு இரண்டும் சேரவில்லை.

“இந்த வருஷம் பாயசத்தை எங்க வச்சிய மாமி?”

மாமி வாயில் கை வைத்தாள். “எப்பவும் ஸ்டூல் போட்டு முன்னாலே வைக்கறது இவராக்கும். இந்தத் தடவை இவரால எழுந்திருக்க முடியலை. நான்தான் மெஷின் மேலேயே நெய்ப்பாயசத்தை வச்சேன். கொஞ்சம் தளும்பித்து, துடைச்சுட்டேனே...”

“மேலே துடைச்சிய. பக்கத்துல வழிஞ்சதை எறும்புல்லா துடைச்சிருக்கு!”

சார் மாமியை ஒரு பார்வை பார்த்தார். “நான் பகவான்னு நெனச்சுண்டு இருக்கேன். நிறுத்தினது நீயாக்குமா விசாலம்?”

மாமிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் கான்டாக்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மெல்லத் தேய்த்து, எல்லாவற்றையும் பழையபடி பூட்டினேன். புதுசாக ஒரு பார்ட்கூடப் போடவில்லை. பிளக்கைச் சொருகிவிட்டு, சுவிட்சைச் சார்தான் போடவேண்டும் என்று சொன்னேன்.

அவரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டுவந்து உட்கார வைத்தோம். போட்டார். ஃபேன் சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. மாமி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு ‘பீப்’. ஃப்ளாப்பி கரகரவென்று ஓடி, பச்சை எழுத்து மினுங்கியது. சார் ஒரு விரலால் ஹரிஸ்ரீ அடித்து முடித்தார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாணு, தொறக்காம இருந்திருந்தா நான் இதை பகவான் தலையில போட்டுட்டு இருந்திருப்பேன், இல்லையோ?”

“ஆமா சார். எறும்பும் உள்ளேயே இருந்திருக்கும்.”

அவர் மேல்துண்டை விலக்கி மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“செரி. விசாலம், அந்த டாக்டரை விளி. இதையும் தொறந்து பாக்கட்டும்.”

4. இந்த வருஷம்

பழைய மெஷின் சேர்க்கும் இளைஞர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். பூட்டி வைக்காதீர்கள், வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஓட விடுங்கள் என்று சொல்கிறேன். கோளாறுக்குக் காரணம் சொல்லும் முன்னால் திறந்து பாருங்கள் என்றும் சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு, அதை நான் கற்றது இந்த விஜயதசமிக்கு.

காலையிலேயே சார் வீட்டுக்குப் போயிருந்தேன். பாயசம் தள்ளி ஒரு ஸ்டூலில், தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் இருந்தது. மாமி என்னைப் பார்த்து, “மெஷின் பக்கம் ஒரு சொட்டு போகலை, சாட்சிக்கு எறும்பைக் கேளுங்கோ” என்றாள். சார் மேல்சட்டை இல்லாமல், வேஷ்டியோடு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மார்பின் நடுவே நெடுகத் தையல் தழும்பு. மூச்சு வாங்காமல் பேசினார்.

“சத்தம் போடாம கொஞ்சம் கிட்டே வாங்கோ, தாணு.”

போனேன். மெஷினை இன்னும் போடவில்லை, அறை நிசப்தமாக இருந்தது. எங்கிருந்தோ சன்னமாக டிக் டிக் என்று கேட்டது. சுவரில் கடிகாரம் இல்லை. சத்தம் அவர் நெஞ்சிலிருந்து வந்தது. உள்ளே வைத்த உலோக வால்வு திறந்து மூடுகிற சத்தம். எத்தனையோ மெஷின்களின் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டவன் நான். இதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“கேட்டேளா?” என்றார். “புதுப் பார்ட்டாக்கும். ஒரிஜினல் இல்லேன்னா நீங்க மதிக்கமாட்டேளே?”

“ஓடுதுல்லா சார், அது போதும்” என்றேன்.

சார் சிரித்துக்கொண்டே சிவப்பு சுவிட்சைப் போட்டார்.