கிரேன் கேபினில் ஒரு பைனாகுலர்

எங்கள் எண்ணெய் மேடையில் கிரேன் ஓட்டுகிறவருக்கு மூன்று பேரோடு மட்டும்தான் சண்டை இல்லை. அந்த மூன்று பேரும் லீவில் இருந்தார்கள்.

நடுக்கடலில் இரும்புக் கால்களை ஊன்றி நிற்கும் மேடை அது. தூங்குகிற அறைகளுக்குத் திறக்கிற சன்னல் கிடையாது. நாலு திசையும் தெரிகிற ஒரே இடம், உச்சியில் இருக்கும் கிரேன் கேபின். சாமான் படகு வராத நேரமெல்லாம் அவர் அதற்குள் உட்கார்ந்து பறவை பார்ப்பார். கழுத்தில் எப்போதும் பைனாகுலர் தொங்கும். அதனால் அவர் பெயர் பைனா.

பறவை இல்லாதபோது எங்களைப் பார்ப்பார். அதுதான் தொல்லை. கூன் போட்டு ஒரே இடத்தில் நிற்கிறாராம், வெல்டருக்கு மடையான் கொக்கு என்று பெயர் வைத்தார். மேனேஜரின் இரட்டைத் தாடையைப் பார்த்துவிட்டுக் கூழைக்கடா என்றார். மேனேஜர் காதில் விழும்படிதான் சொன்னார்.

வீட்டிலும் இதே கதை. மேடையில் எல்லோருக்கும் சேர்த்து ரேடியோ அறையில் ஒரே போன். ஸ்பீக்கரில்தான் பேச முடியும். ஆகவே அவர் மனைவியின் குரல் எங்கள் எல்லோருக்கும் பழக்கம்.

"உங்க தம்பியே தேவல. வீட்டுக்கு வந்தா மூஞ்சியப் பாத்துப் பேசுறாரு. நீங்க வந்தா சன்னல்லயே நிக்கிறீங்க."

"சன்னலுக்கு வெளிய என்ன இருக்குன்னு ஒரு நாளாவது பாத்திருக்கியா?"

"பாத்தேன். துணி காயுது. அதையாவது எடுத்து மடிச்சிருக்கலாம்."

கேபினுக்கு வெளியே ஒரு தட்டில் தண்ணீர் வைப்பது அவர் வழக்கம். அதற்குக் கடற்காக்கைகள் வந்தன. வந்தவை ஹெலிபேடில் உட்கார்ந்து எச்சமிட்டன. இறங்கவேண்டிய வட்டமே தெரியாமல் ஒரு முறை ஹெலிகாப்டர் அப்படியே திரும்பிப் போய்விட்டது. ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டி நின்றவர்கள் பெட்டியோடு அறைக்குத் திரும்பினார்கள். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் பைனாவுக்குப் பக்கத்து நாற்காலி காலி.

மேனேஜர் வாயில் சூடான கிழங்கை வைத்திருப்பவர் போலப் பேசுவார். "தண்ணி வெக்கிறது நீ. எச்சம் போடுறது அது. திட்டு வாங்குறது நான். இனிமே ஹெலிகாப்டர் வர்ற அன்னிக்குக் கிரேன் ஹாரன அடிச்சு எல்லாத்தையும் வெரட்டுறது உன் பொறுப்பு. மாட்டேன்னா கரையில சாமான் எறக்குற யார்டு கிரேனுக்குப் போயிடு."

"யார்டுல என்ன பறவை இருக்கு?"

"காக்கா இருக்கு. அதுவும் சந்தேகம்தான்."

கேபினை விட்டால் பைனாவுக்கு வேறு கதியில்லை. எனவே ஹாரன் அடித்தார். கடற்காக்கைகள் கத்திக்கொண்டே எழுந்து தண்ணீரில் போய் மிதந்தன. அவற்றையும் திட்டினார், எங்களையும் திட்டினார்.

பிறகு ஒரு மழைக்காற்று வந்தது. விடிந்து பார்த்தால் ஹெலிபேட் முழுக்கக் கறுப்பாகச் சின்னச் சின்னக் குருவிகள், ஒன்றையொன்று ஒட்டியபடி. ஹெலிகாப்டர் கரையிலிருந்து கிளம்பியாயிற்று.

"பைனா, ஹாரன்," என்றார் மேனேஜர் வாக்கிடாக்கியில்.

பைனா பைனாகுலரைக் கீழே ஹெலிபேடுக்குத் திருப்பினார்.

"ஹாரன் அடிய்யா."

"இது கடல் பறவை இல்ல சார். தகைவிலான். தரைப் பக்கம் பறந்து பூச்சி புடிச்சித் திங்கிற ஜாதி. காத்தோட மல்லுக்கட்டி அரை உசுரா வந்திருக்கு. இப்பக் கெளப்புனா நேரா தண்ணியிலதான் விழும். நீந்தத் தெரியாது."

வெல்டர் குறுக்கே புகுந்தார். அவருக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் பந்தாக இருந்தது. மாத்திரையும் தீர்ந்திருந்தது; அந்த ஹெலிகாப்டரில்தான் பல் டாக்டரிடம் போகவேண்டும். "யோவ், என் ஃபல்லுய்யா. உசுரு ஃபோகுது."

"உனக்குப் பல்லு போகும். இதுக்குத்தான் உசுரு போகும்."

சொல்லிவிட்டுப் பைனா கிரேன் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். இனி வேறு யாரும் ஹாரன் அடிக்க முடியாது. ஹெல்மெட்டைக் கழற்றி, குனிந்து, குருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து அதற்குள் வைத்தார்.

"வீட்டுக்குப் போகணும்னா பொறுக்குங்க. இல்லன்னா நின்னு வேடிக்கை பாருங்க."

பொறுக்கினோம். இரக்கத்தில் இல்லை. ஹெல்மெட் நிறைய அள்ளிக்கொண்டு படியிறங்கி, வடக்குக் கம்பியோரம் நிழலில் கிடந்த வலைபோட்ட இரும்புப் பெட்டிக்குள் விட்டோம். ஒவ்வொரு குருவிக்கும் பைனாவுக்கு ஒரு வசவு. என் ஹெல்மெட்டுக்குள் ஒன்று எச்சமிட்டது. அதற்கும் அவருக்கே ஒன்று. வெல்டர் பெட்டிமேல் தார்ப்பாயை இழுத்து, வீங்கின கன்னத்தோடு நாலு முடிச்சுப் போட்டார்.

ஹெலிகாப்டர் இறங்கியது. மேனேஜர் கை நீட்டினார். "சாவி."

"அதான் எறங்கிடுச்சே சார்."

"எறங்கிடுச்சு. நீ இதுலயே ஏறு."

சாவி சிக்னல்காரர் கைக்குப் போனது. கிரேனுக்குக் கீழே நின்று கையசைத்தே காலம் போனவர்; அந்த நாற்காலிமேல் அவருக்கு வெகுநாள் கண். ஹெலிகாப்டர் இரைச்சலில் பைனா அவரைப் பார்த்துக் கத்தினார்: "சாயந்தரம் தார்ப்பாய எடுத்துத் தொறந்து விட்டுடு."

சிக்னல்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எதுவுமே கேட்கவில்லை என்று பிறகு சத்தியம் செய்தார்.

எங்கள் மேடையில் ஒரு பழக்கம் உண்டு. வடக்குக் கம்பியோரம் கிடக்கும் பெட்டி என்றால் காலிப் பெட்டி. யாரும் கேட்கமாட்டார்கள், திறந்து பார்க்கமாட்டார்கள். படகு வந்தால் கரை யார்டுக்கு அனுப்ப இறக்கிவிடுவார்கள். அன்று மதியம் நாங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது படகு வந்தது. சிக்னல்காரர் புது நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்து, முதல் வேலையாக அந்த வரிசையைத்தான் இறக்கினார்.

மறுநாள் காலை ரேடியோ அறை போன் அடித்தது. யார்டிலிருந்து பைனா.

"எவன்டா அந்தப் பெட்டிய அனுப்புனது?"

"காலின்னு நெனச்சேன்," என்றார் சிக்னல்காரர்.

"காலி உன் மண்டை. முடிச்சப் பாத்ததுமே தெரிஞ்சுது, மடையான் போட்டதுன்னு. அறுத்துத்தான் தொறந்தேன்."

சிக்னல்காரர் வயரைச் சுருட்டினார், பிரித்தார். "செத்துப்போச்சா?"

"அடியில நாலஞ்சு. மிச்சமெல்லாம் மதிலத் தாண்டிப் போயிடுச்சு. போறப்ப என் தலையில போட்டுட்டுப் போச்சுங்க. நன்றிகெட்ட ஜென்மங்க."

"தரைக்குத்தானய்யா வந்து சேந்துது? அப்ப நான் அனுப்புனது நல்லதுதான?"

அந்தப் பக்கம் பின்னால் யாரோ, "கிரேன் எங்கய்யா, லாரி நிக்குது," என்று கத்தினார்கள்.

"மேல தண்ணித் தட்டு இருக்கும்," என்றார் பைனா. "இன்னும் வரும். ஊத்தி வை."

"அதுல கிரீஸ் போட்டு வெச்சிருக்கேன்."

பைனா போனை வைத்துவிட்டார்.