ஏழுக்கு ஆறு

குளுவாங் கிளினிக்கில் தாதி பெயர் கூப்பிட, என்னைப் போன்ற கிழடுகள் "இருக்கேன், இருக்கேன்" என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஆகாது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, பாலோ பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம் ஜப்பான்காரர்களுடையது. ஞாயிறுதோறும் பேஸ்பால் ஆடுவார்கள். ஒரு வருடம் கோப்பைக்காக லயத்து வீடுகளில் இருந்த எங்கள் கூலியாட்களோடும் ஆடினார்கள். ஆறுக்கு ஆறு ஓட்டம் என்றிருந்தபோது அப்பா அடித்த பந்து ரப்பர் மரங்களுக்குள் பறந்து மறைந்தது. அப்பா வெறுங்காலோடு நாலு முனையும் தொட்டு ஓடி வந்தார். நடுவராக நின்ற தோட்டத்து ஜப்பான் துரை, பந்து கிடைக்காததால் அந்த ஓட்டம் செல்லாது என்று சொல்லி, கோப்பையைத் தன் ஆட்களிடமே கொடுத்துவிட்டார்.

மறுநாள் விடிகாலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், துரை பக்கத்தில் நிற்க, கங்காணி பேர் வாசித்தார்.

"முனியாண்டி!"

"ஏழுக்கு ஆறு" என்றார் அப்பா.

"டேய், இருக்கியா இல்லியா?"

"ஏழுக்கு ஆறுங்க, கங்காணி."

அடுத்த ஆளும் அதையே சொன்னார். ரப்பர் பால்வாளியோடு நின்ற அம்மா ஆட்டத்தையே பார்த்ததில்லை. எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். அன்று ஒருவர்கூட "இருக்கேன்" என்று சொல்லவில்லை.

இப்போது தாதி என்னைக் கூப்பிடுகிறாள்.

"ஏழுக்கு ஆறு!"

"என்னா தாத்தா, உங்க நம்பரா?"

"இல்லம்மா. நாங்க ஜெயிச்சது."