டேரன் கையெழுத்துப் போடாத நான்கு வருடம்

முறிந்த மணிக்கட்டோடு பள்ளிக் கோப்பை, ஐந்தடி ஏழங்குல உயரத்தில் கல்லூரி அணியின் தலைமை, கணக்கில் மூன்று முறை தவறிய பிறகும் பட்டம். இவ்வளவும் வென்றவன் என் தம்பி டேரன் கோர்ப்பி.

கல்லூரிக்குப் போகும் முன்பே பெரிய ஐஸ் ஹாக்கி அணி ஒன்று, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் கடைசிச் சுற்றில் அவன் பெயரை எடுத்துக்கொண்டது. படிப்பு முடிகிற வருடம் ஆகஸ்ட் பதினைந்து வரை வேறு எந்த அணியும் அவனைத் தொட முடியாது. அதற்கிடையில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கல்லூரி ஆட்டம் போய்விடும் என்றார்கள். ஒப்பந்தம் என்ற சொல்லை விட்டுவிட்டு, கையெழுத்து என்பதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். அவனுக்கு வந்த தபால் பொட்டலத்துக்குக்கூட நானே கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகள் நீட்டிய மட்டைகளில் போடவும் விடவில்லை.

முடிதிருத்தும் ஸ்டான் கேட்பார்: "ஏம்மா ஐலா, உன் தம்பிக்கு எழுதத் தெரியுமா, இல்ல கைநாட்டா?"

"பொறுங்க ஸ்டான் அண்ணே, உங்க கடைக் கண்ணாடியிலயே போடுவான்."

நான்கு வருடம் முடிந்தது. அந்த அணி கூப்பிடவே இல்லை. பதினைந்தாம் தேதி மாலை டேரன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"அக்கா, என்னை யாருக்கும் வேணாம் போல."

"சாப்பிடுடா. நாளையிலிருந்து யார் வேணா உன்னைக் கேக்கலாம்."

மறுநாள் காலை வேறொரு அணி கேட்டது. ஒப்பந்தம் மதியம் வரும் என்றார்கள். அதுவரை அவனுக்குப் பொறுக்கவில்லை. ஸ்டான் கடைக்கு ஓடி, சோப்புக்கட்டியால் கண்ணாடி முழுக்கத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டான். ஸ்டான் அதை இன்னும் துடைக்கவில்லை. கீழே தேதியை நான்தான் எழுதினேன்: 2011 ஆகஸ்ட் 16.