இருபத்தொரு பக்க ஏரிகள்

வாசிக்கத் தொடங்கும் முன் மார்லிஸ் ஓபெர்க் ஒரு சின்னத் தகர டப்பியைத் திறப்பார். வீட்டிலேயே சீவி உப்புத் தடவிய பச்சை ஆப்பிள் துண்டுகள் அதில் இருக்கும். ஒன்றை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வார். மெல்ல மாட்டார். புளிப்பு இறங்கி வாயில் நீர் ஊறியதும் துண்டைக் கைக்குட்டையில் துப்பி மடித்துவிட்டு, இரண்டு விரலால் தொண்டையைத் தொட்டுப் பார்ப்பார். அதன்பிறகுதான் மூக்குக்கண்ணாடி.

மாநிலச் சட்டமன்றத்தில் மசோதாக்களை உரக்கப் படித்துக் காட்டுவது அவர் வேலை. முப்பத்தோரு வருட வேலை. வழக்கமாகத் தலைப்பைப் படித்தால் போதும். "முழுவதும் படிப்பதைத் தவிர்க்க யாருக்கும் ஆட்சேபம் உண்டா?" என்று அவைத் தலைவர் கேட்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள், காரியம் நகரும். ஒரே ஒருவர் எழுந்து "உண்டு" என்றால் போயிற்று. முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்தாக வேண்டும். தோற்கும் பக்கத்துக்கு நேரத்தைக் கொல்ல அதைவிட நல்ல ஆயுதம் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் சிறுபான்மையாக இருந்தவர்கள் அப்படிப் படிக்கவைத்ததில் மார்லிஸுக்கு ஒரு வாரம் குரலே இல்லை. அவர்கள் இப்போது பெரும்பான்மை. அதே முறையைக் கண்டு பொருமுகிறார்கள். பக்கங்கள் மாறின, தொண்டை மட்டும் மார்லிஸுடையதாகவே இருந்தது. அவருக்கு மாற்றாகப் படிக்க இன்னொருவர் இருந்தார். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அந்த இடத்துக்கு யாரைப் போடுவது என்று இரண்டு கட்சியும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அது கூட்டத்தொடரின் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு அவை கலைந்தாக வேண்டும்; அதற்குள் நிறைவேறாதது எல்லாம் செத்தது. வரிசையில் இரண்டே மசோதாக்கள். முதலாவது, திருத்தி எழுதிய வேட்டை, மீன்பிடிச் சட்டம். முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம். அடுத்தது டாமரக் ஃபோர்ட் பாலத்தைப் புதுப்பிக்கும் மசோதா, இரண்டே பக்கம்.

மார்லிஸின் வீடு டாமரக் ஃபோர்ட்டில். கணவர் ஓரினுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மருத்துவமனை ஆற்றுக்கு அக்கரையில், பாலத்தின் வழியே ஆறு நிமிடம். பாலத்தை மூடிய இரண்டு வருடமாக, ஆற்றைச் சுற்றி ஒரு மணி பத்து நிமிடம். போக ஒரு தடவை, நாலு மணி நேரம் ஊசியோடு கிடந்தபின் வர ஒரு தடவை. பாலம் வேண்டாம் என்று சொன்னவர் அவையில் ஒருவர்கூட இல்லை. மசோதாவைக் கொண்டுவந்தவர் அந்தத் தொகுதியின் சிறுபான்மைக் கட்சி உறுப்பினர் டுவேன் கெட்டில்சன். மார்லிஸோடு ஒரே பள்ளியில் படித்தவர்.

காலையில் காபிக் குடுவையருகே அவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"மார்லிஸ், இன்னிக்கு நான்தான் எழுந்திரிக்கணும்னு சொல்லிட்டாங்க."

"எதுக்கு?"

"முழுசா படிக்கச் சொல்றதுக்கு."

மார்லிஸின் கரண்டி கோப்பைக்குள் நின்றது. "டுவேன், அதுக்குப் பின்னாடி நிக்கிறது உன் பாலம்."

"தெரியும்."

"நீ எழுதின மசோதா. மேல உன் பேரு இருக்கு."

"நேத்து கட்சிக் கூட்டத்துல முடிவு பண்ணியாச்சு. தொகுதி எல்லை விஷயத்துல அவங்க எங்களை ஒரு வார்த்தை பேச விடல. அதனால இன்னிக்கு ஒரு துரும்பும் நகரக் கூடாதாம். மாட்டேன்னா அடுத்த தடவை எனக்கு எதிரா எங்க ஆளையே நிறுத்துவாங்க."

"உன் பாலத்தை உன் கையாலயே இடிக்கச் சொல்லியிருக்காங்க. நீயும் சரின்னு சம்மட்டியைத் தூக்கிட்டே."

"நீ கொஞ்சம் வேகமா படிச்சா..."

"நான் எப்பவும் ஒரே வேகம்தான். எட்டாம் வகுப்புலயே உனக்குத் தெரியும்."

ஒன்பது மணிக்குக் கெட்டில்சன் எழுந்து "உண்டு" என்றார். யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தார். மார்லிஸ் ஆப்பிள் துண்டைத் துப்பிவிட்டுத் தொடங்கினார்.

மதிய இடைவேளையில் ஓரின் தொலைபேசியில் வந்தார்.

"எங்க இருக்கே இப்போ?"

"கெளுத்தி மீன்ல."

"பாலத்துக்கு இன்னும் எத்தனை மீனு?"

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு பக்கம். முடியாது ஓரின். பத்துப் பதினஞ்சு நிமிஷம் குறையும்."

ஓரின், "சரி விடு. வண்டியில ரேடியோ நல்லாத்தான் பாடுது" என்றார்.

மூன்றரை மணிவாக்கில் ஏரிகளின் பட்டியல் வந்தது. மாநிலத்தில் மீன்பிடிக்க அனுமதியுள்ள ஏரிகள், அகர வரிசையில், இருபத்தொரு பக்கம். அவையில் பாதிப்பேர் இல்லை. கெட்டில்சனின் தாடை மார்பில் சாய்ந்திருந்தது, கண்கள் மூடியிருந்தன. பெரும்பான்மைப் பக்கத்தில் ஒருவர், "அவரை எழுப்பிடாதீங்கப்பா, புண்ணியமாப் போகும்" என்று கிசுகிசுத்தார். முன்வரிசையில் இருந்த இன்னொருவர் மார்லிஸைப் பார்த்து, காற்றில் விரலால் பக்கங்களைக் கொத்தாகப் புரட்டிக் காட்டிக் கண்ணடித்தார்.

கட்டைவிரலுக்குக் கீழே தாள்கள் சேர்ந்தே எழும்பின. இருபத்தொரு பக்கம், அரை மணி நேரம்; தாண்டிவிட்டால் பாலத்துக்கும் நேரம் இருக்கும், தடுக்க வேண்டியவரோ தூங்குகிறார். ஓரினின் வீங்கிய கணுக்காலும், பனி கொட்டும் நாட்களில் அவர் காரில் தலையைச் சாய்த்துக்கொள்ளும் விதமும் மார்லிஸுக்கு முன் வந்து நின்றன. இந்த மண்டபத்தில் விதியைத் தனக்கு வேண்டியபடி வளைக்காதவர் யார்? தான் வளைப்பது ஒரே ஒரு தடவைதானே.

ஆனால் படிக்காமல் விட்ட ஏரி சட்டத்தில் படிக்கப்படாத ஏரிதான். அதன் கரையில் யாராவது தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார். அவர் எந்தக் கட்சி என்று மார்லிஸுக்குத் தெரியாது. இத்தனை வருடமாக இரண்டு பக்கத்துக்கும் இந்தக் கட்டடத்தில் சந்தேகமில்லாமல் நம்பக்கூடியதாக இருந்தது ஒன்றுதான்: மார்லிஸ் படித்தால் அதுதான் எழுதியிருப்பது. விரலை நனைத்து ஒற்றைத் தாளைப் பிரித்தெடுத்து, முதல் ஏரியின் பெயரைப் படித்தார். முன்வரிசைக்காரர் நாற்காலியில் சரிந்து மேற்கூரையைப் பார்த்தார்.

ஐந்து மணிக்கு அவைத் தலைவரின் சுத்தியல் விழுந்தபோது வாக்கியம் பாதியில் நின்றது. முந்நூற்று ஒன்பதாம் பக்கம். பாலம் செத்தது.

வாயிற்காவலர் வெண்டல் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். "அம்மணி, மிச்சம் ஒம்பது பக்கத்துல அப்படி என்னதான் இருந்துச்சு?"

"தூண்டில் முள்ளு" என்றார் மார்லிஸ். குரல் கரகரத்தது.

கெட்டில்சன் கோட்டை மாட்டிக்கொண்டு மார்லிஸின் மேசையைக் கடந்தார்.

"நல்லாத் தூங்கினியா டுவேன்?"

அவர் நின்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

பாலம் அடுத்த வருடமும் வரவில்லை. ஓபெர்க் தம்பதி வீட்டை விற்றுவிட்டு அக்கரையில், மருத்துவமனைக்கு எதிர்த்தெருவில் இரண்டு அறைக்குக் குடிபோனார்கள். மார்லிஸ் இன்னும் படிக்கிறார். கெட்டில்சன் அடுத்த தேர்தலில், அவர் பயந்தபடியே, சொந்தக் கட்சிக்காரர் ஒருவரிடம் தோற்றார்.

தன் அறையைக் காலிசெய்ய வந்த அன்று அவர் வெண்டலிடம் சொன்னது வெகுநாள் கழித்தே வெளியில் தெரிந்தது. மார்லிஸிடம் அதை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

"அன்னிக்கு நான் தூங்கல வெண்டல். அவ அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகட்டும்னுதான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஏரி ஒண்ணொண்ணா வந்துக்கிட்டே இருந்துச்சு."