உள்ளங்கைக்குக் கீழே ஐந்து சொற்கள்

இடது உள்ளங்கையை அகல விரித்து, கேள்விக்குக் கீழே இருக்கும் ஐந்து விடைகளையும் மூடிக்கொள்கிறார் அக்கா. ரத்த மாதிரிக் குழாய்களைச் சுழற்றும் மிஷின் நிற்கப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் ஏழு கேள்விகள். மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் ஒரு சொல்லை விட்டுவிட்டு நிரப்பச் சொல்வார்களே, அந்த ஆங்கிலக் கேள்விகள்தான்.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு ‘டிக்ஷனரி அக்கா’ என்று பெயர். கிண்டலாக நான் வைத்தது. முதல் முறை மூவாயிரம் சொற்களை நெட்டுருப் போட்டுக்கொண்டு போனார்; எது வாயில் நுழையவில்லையோ அதுதான் விடையாக இருக்கும் என்று குறித்துவிட்டு வந்தார். நூற்று எழுபதுக்கு நூற்று நாற்பத்தொன்று. இரண்டாம் முறை நூற்று நாற்பத்தெட்டு. பல்கலைக்கழகம் கேட்பதோ நூற்று ஐம்பத்தைந்து. இங்கே படிப்பு விடுப்பு நாற்பது வயதுக்குள்தான் கிடைக்கும். அக்காவுக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. மூன்றாவது முறையும் கோட்டை விட்டால், பதினாறு வருடமாக எடுத்த ரத்தத்தை ஆராய்ந்து பார்க்கும் ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

எதற்காக விடைகளை மூடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“பாத்துட்டா அஞ்சும் நான்தான், நான்தான்னு கையத் தூக்கும். அந்த எடத்துக்கு என்ன வேணும்னு மொதல்ல நாம முடிவு பண்ணணும். ஆளைத் தேடுறது அப்புறம்.”

ஊசி போடுமுன் நரம்பு தேடும் அதே ஆள்காட்டி விரல் வாக்கியத்தின் மேல் நகரும். ஒரு விமர்சகரைப் பற்றிய கேள்வி. அவர் குணம் என்ன என்பது காலி இடம். ஆனாலும் இந்தப் புத்தகத்தை மட்டும் அவர் பாராட்டினாராம். விரல் ‘ஆனாலும்’ மேல் நின்றது. “இதுதான் காட்டிக்கொடுக்குது. மனுஷன் எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்றவரு” என்றார். கையை எடுத்ததும், நான் முன்பின் பார்த்திராத ஐந்து சொற்களுக்கு நடுவே அந்த நொட்டைக்காரரை நேராகப் போய்ப் பிடித்தார். நான் அசந்துபோனேன். அன்றிலிருந்து கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

புத்தகத்தின் விடைப் பக்கங்களை அவரே ஸ்டேப்ளர் அடித்து மூடி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பின்னைப் பிடுங்கித் திருத்துவது வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். அந்தச் சொற்களை அவருக்கு வாசிக்க வராது. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பார். தப்பென்றால் பெண்டாட்டி என்றெல்லாம் தயவு தாட்சண்யம் கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை, மிஷின் சுற்றிக்கொண்டிருந்தபோது மூன்றாவது தேர்வின் முடிவு வந்தது. அக்கா கையுறையைக் கழற்றினார், போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தார், திறந்த வேகத்தில், எண்ணைப் பார்க்காமலே, திரையை உள்ளங்கையால் மூடினார்.

“நூத்தி அம்பத்தாறு” என்றார், பரிசோதனை முடிவைச் சொல்லும் குரலில். பிறகு கையை எடுத்தார்.

நூற்று ஐம்பத்தாறுதான்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மிஷின் நின்று மணி அடித்ததை இருவருமே கவனிக்கவில்லை. அக்கா அந்த எண்ணை மறுபடி உள்ளங்கையால் மூடினார். சற்றுப் பொறுத்து, ஒரு விரலை மட்டும் தூக்கி உள்ளே பார்த்தார்.