அம்மாவைக் கிடத்திய வெற்றுக்காணி

கஹவத்தை டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறைக்கு எதிரே ஒரு வெற்றுக்காணி இருந்தது. பழைய கடையை இடித்துப் போட்டுவிட்டு, சொந்தக்காரர் கொழும்புக்குப் போய்விட்டார். சிமெந்துத் தரை மட்டும் மிச்சம். சுற்றிலும் அறை அறையாக வாடகைக்கு இருந்த எங்களுக்கெல்லாம் அதுதான் முற்றம். பொங்கலுக்கு நாங்கள் அங்கே அடுப்பு மூட்டுவோம். வெசாக் பண்டிகைக்குப் பக்கத்து அறைச் சிங்கள அக்கா வெளிச்சக்கூடு கட்டுவாள். மற்ற நாட்களில் அவளும் நானும் கொடிக்கயிற்றுக்காகச் சண்டை பிடிப்போம்.

அம்மா தேயிலைத் தோட்டத்து வேலையிலிருந்து நின்றபின், அங்கே அவள் குடியிருந்த லயத்துக் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்களோடு வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் அவளுக்குக் கை கால் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. என் கணவருக்கு பேக்கரியில் வேலை. நான் தையல் கடைக்குப் போவேன். காலையில் அம்மாவைக் கழுவித் துடைத்து, மத்தியானம் ஓடிவந்து சோறு ஊட்டி, திரும்பவும் ஓட வேண்டும். பின்னேரங்களில் அந்தக் காணியில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு மூச்சு.

இரண்டு வருடம் அப்படிப் போனது. ஒரு மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் அம்மா கண்ணை மூடினாள். எனக்கு அழுகை வரவில்லை. எங்காவது படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது, அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். அவரும் எங்கள் ஆள்தான், தோட்டத்திலிருந்து வந்து கடை வைத்தவர்.

"கோவிச்சுக்காத தங்கச்சி. மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். பொணத்த இங்க கொண்டாற வேணாம்."

"பெறகு எங்கங்க கொண்டு போறது? லயத்துலயும் எடமில்லீங்களே."

என் கணவர் சுவரில் சாய்ந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கள அக்கா வெளியே வந்து, காணியில் காய்ந்துகொண்டிருந்த தன் துணிகளை உருவி எடுத்தாள். பிறகு என் துணிகளையும் எடுத்தாள்.

"நங்கி, தங்கச்சி, அம்மாவ இங்க கொண்டு வாங்க. கயிறெல்லாம் நான் அவுக்கிறேன்" என்றாள்.

முஸ்லிம் நானாவின் சாப்பாட்டுக் கடையிலிருந்து தார்ப்பாயும் உட்கார வாங்குப் பலகைகளும் வந்தன. கேட்காமலே பிளேன்டீயும் வந்தது. சிங்களப் பையன்கள் தெரு முனைவரை துக்கத்துக்கு வெள்ளைக்கொடி கட்டினார்கள். இருட்டியதும் பிடித்த மழை விடவில்லை. சிமெந்துத் தரையில் தண்ணீர் தேங்கத் தேங்க, பெண்கள் முறை வைத்து விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். அம்மாவுக்கு அத்தனை பேர் வந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. வந்தபின் நிற்கவில்லை. மறுநாள் தோட்டத்து மயானத்துக்குக் கொண்டுபோனோம். டவுனைக் கடக்கும்வரை கடைகளின் கதவுகளைப் பாதி சாத்தி வைத்திருந்தார்கள்.

செய்தி கொழும்பிலிருந்த காணிக்காரர்வரை போயிருக்கிறது. முப்பதாம் நாள் காரியம் கழிவதற்குள் ஆட்கள் வந்து காணியைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை, துணி காயப் போட இடமில்லை. குழாயடியில் ஒருத்தி என் காதில் விழவே சொன்னாள்:

"பொணத்த வச்சாங்க, எடமும் போச்சு."

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சண்டை போட உடம்பில் தெம்பில்லை. அன்று சாயங்காலம் சிங்கள அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"பிஸ்ஸுத நங்கி ஒனக்கு? பைத்தியமா? அந்தக் காணிக்காரன் எப்பவோ அடைக்க இருந்தவன்" என்று அதட்டி, உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவளது அறை முழுக்க ஈரத் துணி தொங்கியது. தலையைக் குனிந்துகொண்டுதான் தேத்தண்ணீர் குடித்தோம்.

பிறகு அங்கே மாடிக் கட்டடம் எழும்பியது. எங்கள் அறைக்கு வெயில் வருவது நின்றுபோனது. பகலிலும் லைட் போட வேண்டியிருந்தது. என் கணவருக்குக் குருவிட்டையில் வேறு பேக்கரியில் வேலை கிடைத்ததும் சாமான்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.