மதுரை மாடிப்படியில் அறுத்த காப்பு

இரண்டு வருடத்துக்கு முந்தைய சித்திரை மாதம். மதுரையில் ஒரு பரீட்சைக் கட்டடத்தின் மாடிப்படியில் நடந்தது இது. பரீட்சை எனக்கு இல்லை. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். எழுதப் போனவள் என் மருமகள். ஆனால் அந்தப் பரீட்சையைக் கெடுத்தது யார் என்று கேட்டால், எங்கள் வீட்டில் இன்றைக்கும் என்னைத்தான் காட்டுவார்கள்.

எங்களுக்கு ஓடைப்பட்டி. சின்னதாக ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. மகன் கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறான், பாதி நாள் அங்கேயே படுத்துக்கொள்வான். மருமகள் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உள்ள ஆசை. அதற்கு ஒரு இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டுமாம். காலேஜில் படித்த இங்கிலீஷ் போதாது, அதற்கும் மேலே. முதல் தடவை எழுதியபோது கேட்பது, பேசுவது, எழுதுவது எல்லாம் தேறிவிட்டாள். வாசிப்பில் மட்டும் அரை மார்க் குறைந்துவிட்டது. அரை மார்க்!

"இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கறேன் அத்தை. இதுலயும் போச்சுன்னா விட்டுருவேன்" என்றாள்.

அப்போதுதான் நான் அந்தப் படிப்புக்குள் வந்தேன். கெட்டி அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒரு பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, மறுபக்கம் தமிழில் அர்த்தம் எழுதி வைத்திருந்தாள். சமையலறை டப்பாக்களிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தாள். டூட்டி முடிந்து வந்ததும் திராட்சைப் பந்தலுக்கு அடியில் என் எதிரே உட்காருவாள். நான் கத்தரியால் கொத்துகளில் சொத்தைப் பழங்களை வெட்டி எடுத்தபடியே அட்டையின் தமிழை எழுத்துக் கூட்டிச் சொல்ல, அவள் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்துத்தான். சரியென்றால் தாடையைத் தூக்குவாள், தப்பென்றால் நாக்கைக் கடிப்பாள்.

அதில் இருந்த தமிழும் லேசுப்பட்டதில்லை. 'பாரபட்சம்', 'நல்லிணக்கம்', 'உள்ளார்ந்த' என்றெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

"ஏத்தா, இது தமிழா?"

"தமிழ்தான் அத்தை."

"உள்ளார்ந்தன்னா என்னா?"

"உள்ளுக்குள்ளயே ஊறிப் போனது. உங்க வீம்பு மாதிரி."

அவள் சொன்ன விதத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பரீட்சையால் அவளுக்கு இங்கிலீஷ் வந்ததோ இல்லையோ, எனக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது.

வார்த்தை முடிந்தால் பாடம். பெரிய பெரிய பாடங்களை போனில் நேரம் வைத்து வாசிப்பாள். வாசித்ததை யாருக்காவது தாய்மொழியில் சொல்லிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் புரிந்ததா என்று தெரியும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்களாம். அந்த யாரோ நான்தான். கடலுக்கு மேலே நாள் கணக்கில் பறந்துகொண்டே தூங்கும் ஒரு பறவையைப் பற்றி ஒருநாள் சொன்னாள்.

"பறந்துக்கிட்டே தூங்குதா? நீ பஸ்ல கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டே தூங்குவேல்ல, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான் அத்தை. அதுவும் நைட் டூட்டி பாத்துட்டு வருதோ என்னமோ!"

நான் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து வாசிப்பாள். நன்றாகத்தான் வாசித்தாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்தவள், அடித்துச் சொல்வேன்.

எங்கள் தெருவிலேயே இருக்கிறாள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. ஒரு சாயங்காலம் தோட்டத்துக்கு வந்தவள், "மருமகளுக்கு எங்க மதினி டீச்சர் வேலை பாக்குறாக. அவ ஏரோப்ளேன் ஏறிட்டா இவுகளுக்கு யாரு கஞ்சி ஊத்துவாகளாம்?" என்றாள்.

"நானே ஊத்திக் குடிப்பேன். நீ போயி உன் வீட்டு உலையப் பாரு" என்றேன். மருமகள் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

பரீட்சைத் தேதி சித்திரையில் வந்தது. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவும் சித்திரைதான். "தேறணும்னு தீச்சட்டி எடுக்க நேந்துக்கிட்டேன் அத்தை" என்று ஒருநாள் வந்து நின்றாள். நேர்ந்தது அவள்தான். நான் தூண்டவில்லை என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

"படிக்கிறதப் படி தாயி. ரெண்டையும் எதுக்குப் போட்டு முடியுற?" என்று கேட்டேன். அவள் கேட்கவில்லை. கோயிலில் திருவிழாக் கம்பம் நட்டதும் போய் அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பூசாரி கையால் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு வந்தாள். மஞ்சள் நூலில் சின்னதாக ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. தீச்சட்டியை இறக்கி வைக்கும்வரை அது கையிலேயே இருக்க வேண்டும். காப்புக் கட்டினவள் வெளியூரில் ராத் தங்கக் கூடாது என்று நாத்தனார் வேறு சொன்னாள். அதனால் பரீட்சை அன்று விடியற்காலை முதல் பஸ்ஸில் போய்ச் சாயங்காலமே திரும்பிவிடுவது என்று முடிவு செய்து, துணைக்கு நான் கிளம்பினேன்.

பரீட்சை ஒரு கட்டடத்தின் மாடியில். கூட வந்தவர்கள் படிக்குக் கீழேயே நிற்க வேண்டும். படிக்கு மேலே வாசலில் சீருடை போட்ட ஒரு சின்னப் பெண் எல்லோரையும் சோதித்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு வருகிறவர்கள் கையில் எதுவும் அணிந்திருக்கக் கூடாது என்று முன்பே போனில் விதிமுறை வந்திருந்தது. மருமகள் அதைப் பல தடவை வாசித்திருக்கிறாள். வளையல், வாட்ச், மோதிரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்தாள். காப்பை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, எனக்கும்தான். எங்கள் பக்கம் யாருக்குத்தான் தோன்றும்? கட்டிவிட்டால் அது உடம்போடு சேர்ந்தது.

"அக்கா, கையில இருக்குற கயிற எடுத்துருங்க" என்றாள் அந்தப் பெண்.

"இது கயிறில்லம்மா, காப்பு" என்றாள் மருமகள்.

"தெரியுதுக்கா. எங்க ஊர்லயும் கட்டுவாக. ஆனா இதோட உள்ள விட மாட்டாக. நான் தொடவும் மாட்டேன், நீங்களே எடுத்துட்டு வாங்க."

உள்ளேயிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்த்து, "யாரா இருந்தாலும் ரூல்ஸ் ஒண்ணுதாம்மா. கொஞ்ச நேரத்துல கதவச் சாத்திருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் சொன்னார்.

மருமகள் பாதிப்படி இறங்கி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் அதுவரை ஏறிப் போனேன். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துக் கலங்காதவள், அன்றைக்கு உதடெல்லாம் வெளுத்துப் போயிருந்தாள்.

"வாங்க அத்தை, ஊருக்குப் போயிருவோம்."

"காப்பு எதுக்குக் கட்டின?"

"பரீட்சைக்கு."

"அப்ப பரீட்சைய எழுதிட்டு வா. கையக் குடு."

அவள் கையை நீட்டவில்லை. நான் பிடித்தபோது இழுத்துக்கொள்ளவும் இல்லை. அதை நான் நன்றாகக் கவனித்தேன். என்னிடம் இருந்தது தோட்டத்துக்குக் கொண்டுபோகும் மஞ்சப்பை. அடியில் கொத்து வெட்டுகிற கத்தரி கிடந்தது. எடுத்து ஒரே வெட்டு. மஞ்சள் துண்டு படியில் தெறித்து உருண்டது. பொறுக்கி மடியில் முடிந்துகொண்டேன்.

"அம்மன் கேட்டா என்னையக் கேக்கட்டும். வெட்டுனது நான். நீ ஏறு" என்றேன்.

ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. மற்றதெல்லாம் பரவாயில்லையாம். "ரீடிங்லதான் அத்தை... ஒரே வரியத் திருப்பித் திருப்பி வாசிச்சுக்கிட்டே இருந்தேன். மண்டைல ஏறல" என்றாள். பஸ்ஸில் ஏறியதும், வழக்கம்போல, பாடம் எதைப் பற்றி என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, தேனி வந்து சேரும்வரை வெறும் மணிக்கட்டை மறுகையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் நான் வீரபாண்டிக்குப் போனேன். மஞ்சள் துண்டை முல்லையாற்றில் விட்டுவிட்டு, பூசாரியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

"வேல வெட்டியில எத்தன பேருக்கு அறுந்து போகுது ஆத்தா. வந்து வேற கட்டிக்கிடுதாக. மருமகளக் கூட்டிட்டு வாங்க, கட்டி விடுதேன்."

எனக்குப் பாரம் இறங்கிவிட்டது. ஓட்டமாக வந்து அவளிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அது தானா அறுந்து போகலையே அத்தை. நீங்கல்ல வெட்டுனீக."

அவள் வரவே இல்லை.

திருவிழாவுக்கு முன்னாலேயே முடிவு வந்துவிட்டது. வாசிப்பில் மறுபடி அரை மார்க் குறைவு. போன தடவை குறைந்த அதே அரை மார்க். போன தடவை யார் எந்தக் காப்பை வெட்டினார்கள் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. நாத்தனார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், "காப்ப வெட்டுன வீடு வெளங்குமா?" என்று. அவள் சொல்வாள், அவள் பிழைப்பு அது. மகன் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தான். "ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேல?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போனான். அதையும் தாங்கிக்கொண்டேன். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மருமகள் தன் அம்மாவிடம் போனில் அழுதுகொண்டே சொன்னாள்: "அத்த வெட்டாம இருந்திருந்தா தேறியிருப்பேன்மா."

இத்தனை இங்கிலீஷ் வாசித்தவள். நோயாளி செத்தால் அது சாமி குத்தம் என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு வீட்டில் வந்து சிரிப்பவள்.

திருவிழாவில் தீச்சட்டியை நான் எடுத்தேன். என் கையில் காப்புக் கட்டிக்கொண்டு, அவள் பெயரைச் சொல்லி எடுத்தேன். நேர்ந்தது பாக்கி நிற்கக் கூடாது. இந்த வயதில் சூடு தாங்குமா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். தாங்கியது. அவள் அன்றைக்கு டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

ஆடி போய் ஆவணியில் ஒருநாள், "திரும்ப எழுது தாயி, அட்டைய எடுத்துட்டு வா" என்றேன்.

"எதுக்கு அத்தை? இன்னொருவாட்டி வெட்டுறதுக்கா?" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

இப்போதும் அதே ஆஸ்பத்திரிதான், அதே பஸ்தான். எனக்கு மாத்திரையை நேரத்துக்கு எடுத்துத் தருவாள். "சாப்பிட்டீகளா அத்தை?" என்று கேட்பாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எங்கள் வீட்டில் ஒரு குறையும் தெரியாது. டப்பாக்களில் ஒட்டியிருந்த அட்டைகளைக் கிழித்துவிட்டாள். பசை மட்டும் இன்னும் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. பந்தலுக்கு அடியில் நான் மட்டும் உட்கார்ந்து பழம் வெட்டுகிறேன். பறவை எங்கே தூங்குகிறது, எங்கே விழிக்கிறது என்று சொல்ல ஆள் கிடையாது.

அன்று வெட்டியது தப்பு என்று நான் இந்த நிமிடம்வரை நினைக்கவில்லை. மறுபடி அதே படியில் நின்றாலும் வெட்டுவேன். அந்த அரை மார்க்கைத் தனியாகச் சுமக்க அவளால் முடியவில்லை, பக்கத்தில் நின்ற என் தலையில் வைத்துவிட்டாள். "வெட்டுனது நான்" என்று வாய்விட்டுச் சொன்னவளும் நான்தானே, அம்மனுக்குச் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். தீச்சட்டியென்றால் எவ்வளவு சுட்டாலும் கோயில்வரைதான், அங்கே இறக்கி வைத்துவிடலாம். இதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.